ஸ்கூட்டியில் போன கள்ளுப் போத்தல்கள்

சுதர்சினியின் அப்பம் கண் விடவில்லை.

நல்ல வெள்ளையப்பம் சட்டியில் வேகும்போது நடுப்பகுதி பஞ்சு போல எழும்பும். அந்தப் பஞ்சு முழுக்கச் சின்னச் சின்னத் துவாரங்கள் திறக்கும். அதைத்தான் கண் விடுவது என்பார்கள். ஓரம் ரேந்தை பின்னியது போல முறுகி நிற்கும். சுதர்சினியின் அப்பத்தில் ஓரம் ஒழுங்காக முறுகியது. நடு மட்டும் தட்டையாக, ஈரமாக, ரொட்டியைப் போலப் படுத்துக் கிடந்தது.

அவளுக்கு விளங்கவில்லை. அரிசி மாறவில்லை. தேங்காய் அவளுடைய வளவுத் தேங்காய். சட்டியும் அடுப்பும் பழையவை. மாவை இன்னும் அதிக நேரம் புளிக்க விட்டுப் பார்த்தாள். அடுப்படிச் சூட்டில் வைத்துப் பார்த்தாள். உப்பைக் கடைசியில் போட்டுப் பார்த்தாள். மா அசையவே இல்லை.

மாறியது ஒன்றுதான். அப்ப மாவைப் பொங்க வைப்பது கள்ளு. முன்பு பக்கத்துத் தோட்டத்தில் தென்னை சீவுகிறவர் காலையில் மரத்தால் இறங்கியதும் கள்ளு சேரும் முட்டிப் பானையிலிருந்து நேரே அவளுக்கு ஊற்றிக் கொடுப்பார். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு கணவன் நிலுக்சன் மாலையில் முந்தல் பக்கத்துக் கள்ளுக்கடையில், ஊர்த் தவறணையில், வாங்கி வருகிறான்.

நிலுக்சன் இதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. வாங்கி வந்த கள்ளைக் கண்ணாடிப் போத்தலில் இரவு முழுக்க ஆடாமல் வைப்பான். விடியும்போது அது தெளிந்திருக்கும். மேலே இளநீர் போலத் தெளிந்த கள்ளு, அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளை மண்டி. போத்தலை மெல்லச் சரித்து, ஒரு துளி கலங்காமல், தெளிந்ததை அவளுடைய சட்டியில் வடித்துக் கொடுப்பான். மண்டியை எடுத்து வைத்து மாலையில் தான் குடிப்பான். மீனில் நடுத்துண்டு அவளுக்கு, வால் தனக்கு என்பதுதான் அவன் வழக்கம்.

"உங்கட தவறணையில தண்ணி கலக்கிறாங்க" என்றாள் சுதர்சினி.

"என்னைப் பத்தி என்னவும் சொல்லு சுதா. தவறணையைப் பத்திக் கதையாத."

"பின்ன ஏன் மா பொங்குதில்ல?"

"உன்ட கை குளிர்க் கையாயிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. வரும் ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு அவர்களுடைய சிற்றாலயத்தில் அந்தோனியார் திருநாள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருநாள் பூசை முடிந்ததும் வந்தவர்கள் எல்லாருக்கும் அப்பம். மா கரைப்பது ஒரே ஒரு வீடு. மற்றப் பெண்கள் சட்டியும் அடுப்பும் கொண்டு வந்து, அந்த மாவை வாங்கிச் சுடுவார்கள். எந்த வீடு என்று முந்தின வருடத் திருநாளிலேயே சீட்டுக் குலுக்கிவிடுவார்கள். இந்த முறை சுதர்சினியின் வீடு.

மா பிழைத்தால் எல்லாச் சட்டியும் பிழைக்கும். சுதர்சினி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பு ஒரு வீட்டுக்கு அப்படி நடந்ததாம். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பெயர் ரொட்டி வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ரொட்டி, பேரப்பிள்ளை சின்ன ரொட்டி. சுதர்சினிக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

"இந்தச் சனி, ஞாயிறு எங்கயும் போவமா?" என்று அவளே கேட்டாள். "கண்டக்குளியில உங்கட அக்கா வீட்டில நிண்டிட்டு வருவம். போற வழியில இருக்கிற தவறணை எல்லாத்திலயும் இறங்குவம். எந்தக் கள்ளு பொங்குதெண்டு பாக்கவேணும்."

நிலுக்சன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு மனைவி இப்படிச் சொல்லி அவன் கேள்விப்பட்டதில்லை.

"ஸ்கூட்டி நான்தான் ஓடுவன்" என்றாள் அவள். "நீங்க பின்னால இருந்து ருசி பாருங்க."

பிள்ளைகளை அவளுடைய தங்கை வீட்டில் விட்டுவிட்டு சனிக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். நிலுக்சன் வழக்கம் போலப் போத்தலைச் சரித்து, தெளிந்த கள்ளை ஒரு சின்னச் சோடாப் போத்தலில் அவளுக்கு வடித்தான். மிஞ்சியதைத் தன் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றித் தோளில் தொங்கவிட்டான். மற்றக் கள்ளுகளைக் குடித்து ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமாம்.

மதுரங்குளியில் ஒரு கடைமுன் சுதர்சினி ஸ்கூட்டியை நிறுத்தினாள். கடைக்காரர் மீரா முகைதீன். அப்பச்சட்டி முதல் தும்புத்தடி வரை எல்லாம் அவரிடம் கிடைக்கும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்து, சந்தியில் பாய் விரித்து விற்கத் தொடங்கியவர். இப்போது இரண்டு கதவுக் கடை.

"நானா, பலூன் இரிக்கா?"

"பிள்ளைக்குப் பொறந்த நாளா தங்கச்சி?"

"இல்ல நானா. கள்ளுப் போத்தல் வாயில கட்டுறதுக்கு."

மீரா முகைதீன் நீட்டிய பக்கற்றைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். "அல்லாஹ்! எண்ட பலூனுக்குள்ள கள்ளுக் காத்தா?"

சுதர்சினி விளக்கினாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய விஞ்ஞான ரீச்சர் செய்து காட்டிய சோதனை அது. கள்ளு புளிக்கும்போது அதிலிருந்து ஒரு வாயு வெளியேறுகிறது. அப்ப மாவுக்குள் அகப்பட்டுக்கொள்ளும் அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. அப்பத்தின் கண் ஒவ்வொன்றும் ஒரு வாயுக்குமிழ் வெடித்த இடம். ஆகவே கள்ளுப் போத்தலின் வாயில் பலூனைக் கட்டினால், பொங்கும் கள்ளு பலூனை நிமிர்த்தும். பொங்காத கள்ளு நிமிர்த்தாது.

"அப்பம் சுட்டுத்தான் பார்க்கவேணும் எண்டில்ல" என்றாள்.

"காத்து ஹலால்தான்" என்றார் மீரா முகைதீன் யோசித்து. "நாளைக்கு வரக்குள்ள நிண்டுச்சா விழுந்துச்சா எண்டு சொல்லிட்டுப் போங்க. எனக்கு இனி ராவைக்கு நித்திரை வராது."

பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஏறினார்கள். வீதி புதிதாகத் தார் போட்டுக் கறுப்பாக மின்னியது. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடி இருந்த வளைவில் இப்போது இளநீர் குவித்திருந்தார்கள். நுரைச்சோலை வருமுன் வீதியை விட்டுச் சற்று உள்ளே, தென்னைகளுக்கு நடுவே முதலாவது தவறணை இருந்தது. சுதர்சினி வெளியே நின்றாள். நிலுக்சன் உள்ளே போய் ஒரு குவளை குடித்து, ஒரு சோடாப் போத்தலையும் நிரப்பிக்கொண்டு வந்தான்.

"எப்படி?"

"கொஞ்சம் இனிப்பு. ஆனா வீரம் இருக்கு."

அவள் அதைக் கேட்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தென்னையின் உச்சி வட்டில் ஒருவர் உட்கார்ந்து பாளை சீவிக்கொண்டிருந்தார். விரியாத பாளையை இறுக்கிக் கட்டி, நாளும் மெல்லத் தட்டி, நுனியை மெல்லிசாகச் சீவுவார்கள். பூவாகிக் காயாக வேண்டிய சாறு அந்த வெட்டு வாயால் சொட்டுச் சொட்டாக முட்டிக்குள் விழும். விழும்போது அது வெறும் சீனித் தண்ணீர் போல இனிக்கும். அதில் யாரும் எதையும் போடுவதில்லை. காற்றிலிருந்தும், பாளையின் தோலிலிருந்தும், முட்டியின் உள்சுவரிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதற்குள் வந்து சேர்கின்றன. சீனியைத் தின்கின்றன. தின்று, வாயுவையும் வெறியையும் விடுகின்றன. மரத்தால் முட்டி இறங்கும்போதே அது கள்ளு.

"நீங்க குடிக்கிறதுக்குள்ள எவ்வளவு உயிர் இருக்கெண்டு தெரியுமா?" என்று கேட்டாள். "ஒரு சொட்டுக்குள்ள இந்தப் புத்தளம் மாவட்டத்துச் சனத்தை விடக் கூட."

நிலுக்சன் கையிலிருந்த போத்தலைப் பார்த்தான். "சனம் கூடினதாலதான் போல, தலை சுத்துது."

மாம்புரியில் வானம் முழுக்கக் காற்றாலைகள். வெள்ளை நிறத்தில், தென்னைகளுக்கு மேலே தென்னைகளைப் போல நின்று, பெரிய இறக்கைகளைச் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சுதர்சினி ஸ்கூட்டியை ஓரங்கட்டிச் சிறிது நேரம் பார்த்தாள். அந்த இறக்கைகளில் ஒன்றின் நிழல் அவர்கள் மேல் விழுந்து போக, மற்றொன்றின் நிழல் வந்தது. 

இரண்டாவது தவறணை அந்த நிழல்களுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, பலகைத் தட்டு, உட்கார நீண்ட மர வாங்குகள். சுவரோரம் மரப் பீப்பாக்கள். மீன்காரர்கள் சிலர் பொரித்த சாளையை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இம்முறை சுதர்சினி நேரே உள்ளே போனாள். வாங்கில் கதை நின்றது.

தவறணை நடத்துகிற சாள்ஸ், தட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பினார். "மகள், அவரைத் தேடி வந்தனீங்களா? இஞ்ச எல்லாரும் இனிப் போறம் எண்டுதான் இருக்காங்க."

"இல்ல அங்கிள். அவரை நான்தான் கூட்டிட்டு வந்தன்."

வாங்கு வெடித்துச் சிரித்தது. "தம்பி, இப்படி ஒரு பொம்பிளை எங்க கிடைச்சது? இன்னும் தங்கச்சிமார் இருக்கினமா?" என்றது ஒரு குரல்.

சுதர்சினி அப்பத்தின் கதையைச் சொன்னாள். சாள்ஸ் முழுக்கக் கேட்டார். பிறகு, "கள்ளு உயிரோடயா எண்டு பாக்கிறதுக்குப் பலூன் எதுக்கு? வாங்க" என்று ஒரு பீப்பாவைக் காட்டினார். "காதை வைங்க."

அவள் குனிந்து பலகையில் காதை வைத்தாள்.

உள்ளே மழை பெய்தது. தூரத்து ஓலைக் கூரையில் விழும் தூறல் போன்ற சத்தம். நிற்காமல், ஒரே சீராக, ஆயிரக்கணக்கான சின்ன வாய்கள் ஒன்றாகக் கிசுகிசுப்பது போல. இடைக்கிடை ஒரு பெரிய குமிழ் மேலே வந்து உடைந்தது. சுதர்சினி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து மற்றக் காதை வைத்தாள். வாங்கிலிருந்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்த ஒரு கிழட்டு மீன்காரர் எழும்பி வந்து பக்கத்துப் பீப்பாவில் தன் காதை வைத்தார்.

"சின்னத்திலயிருந்து குடிக்கிறன்" என்றார் அவர், நிமிர்ந்து. "இது கதைக்குமெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

சாள்ஸ் ஒரு நீண்ட மரக்கரண்டியைப் பீப்பாவுக்குள் விட்டு அடிவரை கலக்கினார். கள்ளு பால் போல வெளுத்தது. அதிலிருந்து போத்தலை நிரப்பினார்.

"எங்கட பக்கத்தில தெளிய விட்டு வடிச்சுத்தான் குடிப்பம்" என்றான் நிலுக்சன், கொஞ்சம் பெருமையாக.

"இஞ்ச அது சரிவராது. கலக்காம ஊத்தினா முதல் வாறவனுக்குத் தண்ணி, கடைசியா வாறவனுக்குச் சேறு. பிறகு சண்டை."

தவறணைக்குப் பின்னால் தென்னை நிழலில் சுதர்சினி மூன்று போத்தல்களையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே மட்டத்துக்குக் கள்ளு. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சீனி, ஏனென்றால் தின்னச் சீனி இல்லாவிட்டால் எந்தக் கள்ளும் பொங்காது. அப்ப மாவிலும் அவள் சீனி போடுவதுண்டு. பிறகு பலூன்கள். ஊர்த் தவறணைக்குப் பச்சை, முதல் தவறணைக்கு மஞ்சள், மாம்புரிக்குச் சிவப்பு. போத்தல் கழுத்துகளில் இறப்பர் வளையம் போட்டு இறுக்கி, எல்லாவற்றையும் கூடையில் நிறுத்தினாள். நிலுக்சன் கூடையை இருவருக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.

தலவில தாண்டும்போது அவன் அவளுடைய தோளைத் தட்டினான்.

"சுதா, மஞ்சள் எழும்புது."

அவள் ஸ்கூட்டியின் கண்ணாடியில் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் பலூன் தலையைத் தூக்கி, ஆடி ஆடி நிமிர்ந்தது. யாரும் ஊதவில்லை. பிறகு சிவப்பு. அது இன்னும் வேகமாக உப்பி, நிலுக்சனின் நாடியை மெதுவாக இடித்தது. ஏத்தாளையில் வீதியோரம் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பலூன்களுக்கு நடுவில் சிவந்த கண்ணோடு ஒரு மனிதன் போனான்.

பச்சை எழும்பவில்லை. வாடிய மிளகாய் போலப் போத்தல் கழுத்தில் சரிந்து கிடந்தது.

கண்டக்குளியில் நிலுக்சனின் அக்கா டொறத்தி படலையைத் திறந்தாள். "என்ன இது, திருநாளுக்கு முதலே சோடிச்சுக்கொண்டு வாறீங்க?"

சுதர்சினி கூடையை இறக்கினாள். போத்தல்களை முற்றத்து வாங்கில் வரிசையாக வைத்து, பச்சையை விரலால் தொட்டாள். "பாத்தீங்களா? நான் சொன்னன். உங்கட தவறணை செத்த கள்ளு விக்குது."

நிலுக்சன் வாடிப்போனான். அந்தத் தவறணையில்தான் அவன் முதன்முதல் குடித்தது. அதன் கள்ளைப் பற்றி மற்ற ஊர்க்காரரிடம் சண்டை பிடித்திருக்கிறான். "ஒரு போத்தலை வச்சு ஊரையே சொல்லாத" என்றான். பிறகு தோளிலிருந்த தண்ணீர்ப் போத்தல் நினைவுக்கு வந்தது. பகல் முழுக்க மற்றத் தவறணைகளைக் குடித்ததில் அதை அவன் தொடவே இல்லை. "இந்தா, இதுவும் எங்கட தவறணைதான். இதுக்கும் ஒண்டு கட்டு."

"அது வெறும் மண்டி."

"மண்டியெண்டாலும் எங்கட மண்டி. கட்டு."

டொறத்தி சீனி கொண்டு வந்தாள். மற்றவற்றின் மட்டத்துக்கு அதை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றி, சுதர்சினி நீலப் பலூனைக் கட்டினாள். அவனுடைய மனம் ஆறட்டும் என்றுதான் கட்டினாள். பிறகு எல்லாரும் சோறு தின்னப் போனார்கள்.

நண்டுக் கறியின் பாதியில் முற்றத்தில் வெடி கேட்டது. டொறத்தி சிலுவை அடையாளம் போட்டாள்.

வாங்கில் மஞ்சளும் சிவப்பும் அப்படியே நின்றன. பச்சை கிடந்தது. நீலம் இல்லை. போத்தல் கழுத்தில் ஒரு கிழிந்த நீலத் துண்டு, அதன் கீழே நுரை பொங்கி வாங்கில் வழிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா!" என்று நிலுக்சன் குதித்தான். "எங்கட தவறணை! எல்லாத்தையும் அடிச்சிட்டுது!"

சுதர்சினி வாங்குக்கு முன்னால் மணலில் இருந்துவிட்டாள். பச்சையைப் பார்த்தாள், நுரையைப் பார்த்தாள், மறுபடி பச்சையைப் பார்த்தாள்.

"இது ரெண்டும் ஒரே கள்ளு" என்றாள் மெதுவாக.

"ஓம். அதைத்தான் சொல்றன்."

"ஒரே தவறணை. நேத்துப் பின்னேரம் ஒரே போத்தல். சீனியும் ஒரே அளவு. ஒண்டு சாகக் கிடக்கு, மத்தது பலூனையே உடைச்சிட்டுது." அவள் நுரையை விரலில் தொட்டு நாவில் வைத்தாள். "என்ன வித்தியாசம்? பச்சை மேல் பாகம். நீலம் அடி."

 அவள் தனக்கே விளக்கிக்கொள்வது போலச் சொல்லிக்கொண்டு போனாள். அந்த உயிர்கள் கள்ளுக்குள் மிதக்கின்றன. கள்ளு வெள்ளையாய் இருப்பது அவற்றால்தான். ஆடாமல் வைத்தால் இரவில் களைத்துப் படுப்பவர்களைப் போல மெல்ல மெல்ல அடிக்குப் போய்ப் படிந்துவிடுகின்றன. அதுதான் மண்டி. மேலே தெளிவாக நிற்பதில் ருசி இருக்கும், வெறி இருக்கும். வேலை செய்ய ஆள் இருக்காது. மரத்தடியில் வாங்கிய கள்ளு கலங்கலாக இருந்தது, மா பொங்கியது. சாள்ஸ் அங்கிள் கலக்கி ஊற்றினார், சிவப்பு நிமிர்ந்தது.

நிலுக்சன் அவளுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தான். "நான்தான் வடிச்சுத் தந்தன்" என்றான். "நல்லது உனக்கெண்டு."

"நல்லதைத்தான் தந்தீங்க. மாவுக்கு வேண்டியிருந்தது கசடு."

"அப்ப இவ்வளவு நாளும் உன்ட அப்பத்தை நான் குடிச்சிருக்கன்."

டொறத்தி சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் வீட்டுக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "அதுதான் இவன்ட வயிறு மட்டும் கண் விட்டு உப்பியிருக்கு!"

இருட்டுமுன் டொறத்தியின் அரிசி மாவில் தேங்காய்ப்பால் விட்டு, வழிந்து மிஞ்சிய நீலப் போத்தல் மண்டியைக் கலக்கி ஊற்றி, சட்டியில் பாதியளவு நிற்கக் கரைத்து மூடி வைத்தார்கள். ஞாயிறு காலை சுதர்சினி எழும்பி வந்தபோது மூடி சரிந்திருந்தது. மா சட்டியின் விளிம்புக்கு ஏறி, மேலெல்லாம் குமிழ் விட்டு, அவள் பார்க்கப் பார்க்கவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் குனிந்து சட்டியின் ஓரத்தில் காதை வைத்தாள். மாம்புரிப் பீப்பாவின் மழை இங்கேயும் மெல்லப் பெய்தது. அவள் நிலுக்சனைக் கூப்பிட்டாள். அவனும் மற்றப் பக்கத்தில் காதை வைத்தான். கன்னத்தில் மா ஒட்டியது கூட அவனுக்குத் தெரியவில்லை.

முதல் அப்பம் வெந்தது. நடு எழும்பியது. ஒரு கண், பக்கத்தில் இன்னொரு கண், பிறகு எண்ண முடியாமல்.

திரும்பும் வழியில் மீரா முகைதீன் கடைப்படியிலேயே நின்றார். "என்ன தங்கச்சி, பலூன் நிண்டுச்சா?"

"ஒண்டு வெடிச்சிட்டுது நானா."

"மாஷா அல்லாஹ்" என்றார் அவர், திருப்தியாக.

அந்தக் கிழமை முழுக்க ஊர்த் தவறணைக்காரர் பீப்பா மண்டியை எறியாமல் சேர்த்து வைத்தார், நிலுக்சன் போய்க் கேட்டபோது, "மண்டிக்கா இவ்வளவு கதை?" என்றார். திருநாள் காலையில் பூசை முடிய, சிற்றாலயத்து வளவில் அடுப்புகள் எரிந்தன. ரொட்டி வீட்டுச் சின்ன ரொட்டி, இப்போது மீசை வைத்த பெடியன், சுதர்சினியின் முதல் அப்பத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கண்களினூடாகக் கடலைப் பார்த்தான்.

எப்படி என்று பெண்கள் கேட்டார்கள். சுதர்சினி சொன்னாள்: கள்ளைத் தெளிய வைத்தால், மேலே தெளிந்ததைப் புருசனுக்குக் கொடுக்க வேண்டும், அடியில் படிந்த மண்டியைக் கலக்கி மாவில் ஊற்ற வேண்டும்.